மொட்டை மாடி வெயிலும் மைக்ரோகன்ட்ரோலரின் தூக்கமும்: சூட்டில் கரண்ட் செலவைக் குறைக்க முழுமையான வழிகாட்டி

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், வியாசர்பாடி என்று வடசென்னையில் எந்த மொட்டை மாடியில் ஏறினாலும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்று நிற்கும். அதன் பக்கத்தில் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே தண்ணீர் மட்டத்தை அளந்து ரேடியோவில் கீழே அனுப்பும் போர்டு, அதற்கு ஒரு பேட்டரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி இரண்டு வருடம் வர வேண்டிய பேட்டரி. மார்கழியில் மாட்டியது ஆவணிக்குள் நின்றுவிடுகிறது. பேட்டரி தரமில்லை என்று வேறு வாங்கிப் போட்டால், அதுவும் அடுத்த கோடையைத் தாண்டுவதில்லை.

இப்படி நிற்கும் போர்டுகளில் பலவற்றில் பேட்டரி மேல் குற்றமே இருக்காது. டேட்டாஷீட்டின் (சிப் தயாரித்தவர் தரும் விவரத் தாள்) முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் ஸ்லீப் கரண்ட், அதாவது தூங்கும்போது சிப் எடுக்கும் கரண்ட், 25 டிகிரியில் அளந்தது. நம் ஊரில் 25 டிகிரியைத் தை மாத விடியற்காலையில்தான் பார்க்க முடியும். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. அதுவும் நிழலில், காற்றோட்டமான கூண்டுக்குள் வைத்த தெர்மாமீட்டர் காட்டியது. நேர் வெயிலில் மூடிக் கிடக்கும் பெட்டிக்குள் வெளிக்காற்றைவிட 15, 20 டிகிரி ஏறுவது சாதாரணம். ஆகவே மாடியில் வைக்கும் எதையும் 65 டிகிரிக்குத் திட்டமிடுங்கள். அந்தச் சூட்டில் பேட்டரியைத் தின்பது போர்டு வேலை செய்யும் நொடிகளைவிட அது தூங்கும் மணிநேரங்கள்தான். எப்படித் தூங்க வைக்கிறோம் என்பதில்தான் நம் கவனம் முழுக்க இருக்க வேண்டும்.

சூடு எங்கே கடிக்கிறது

போர்டின் மூளையான சிப், அதாவது மைக்ரோகன்ட்ரோலர், இரண்டு விதமாகச் செலவழிக்கிறது. வேலை செய்யும்போது கோடிக்கணக்கான முறை டிரான்சிஸ்டர்கள் மாறி மாறித் திறந்து மூடும் செலவு ஒன்று. இது மின்தேக்கு அளவு, மின்னழுத்தத்தின் வர்க்கம், கிளாக் வேகம் மூன்றின் பெருக்கல். வெப்பநிலைக்கு இதில் பெரிய பங்கு கிடையாது.

மற்றது கசிவு. மூடிய டிரான்சிஸ்டர் முழுசாக மூடுவதில்லை. தெருவில் போகும் மெட்ரோ வாட்டர் லாரியின் வால்வு மூடியிருந்தாலும் பின்னால் ஒரு கோடு சொட்டிக்கொண்டே போகுமே, அந்த மாதிரி. சூடு ஏற ஏற, தடையைத் தாண்டும் ஆற்றல் அதிகமான எலக்ட்ரான்களுக்குக் கிடைக்கிறது. டிரான்சிஸ்டர் திறக்கும் வாசல் மின்னழுத்தமும் இறங்குகிறது. இரண்டும் சேர்ந்து கசிவை மடங்கு மடங்காக ஏற்றுகின்றன. சிப்புக்குச் சிப் மாறினாலும், 10 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்பது எல்லாரும் கைக்கணக்காக வைத்திருக்கும் விதி. அப்படியானால் 25-லிருந்து 65 டிகிரிக்குப் போகும்போது நான்கு இரட்டிப்பு, அதாவது 16 மடங்கு.

சிப் மேல் ஹீட்சிங்க் ஒட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். 3.3 வோல்டில் 10 மில்லி ஆம்ப் இழுத்தால் 33 மில்லிவாட். வாட்டுக்கு 50 டிகிரி ஏறும் சிப் உறை என்று வைத்தாலும் சிப் தன்னால் ஏற்றிக்கொள்ளும் சூடு 1.65 டிகிரிதான். தூங்கும்போது அதுவும் இல்லை. சிப்பைச் சுடுவது சுற்றியிருக்கும் காற்று. ஹீட்சிங்கை மறந்துவிடுங்கள்.

படி 1: சூட்டில் வைத்து அளங்கள்

மேசை மேல் ஃபேன் காற்றில் அளந்த எண் மாடிக்கு உதவாது. சூடான பெட்டி ஒன்று தேவை, அதை வீட்டிலேயே செய்யலாம். காசிமேட்டில் மீன் அடைத்து வரும் தெர்மோகோல் பெட்டி ஒன்றைக் கழுவிக் காயவைத்து, உள்பக்கம் முழுக்க அலுமினியத் தாள் ஒட்டுங்கள். 22 ஓம், 10 வாட் பீங்கான் ரெசிஸ்டர் ஒன்றை ஒரு தகட்டின் மேல் பொருத்தி உள்ளே வையுங்கள். 12 வோல்ட் கொடுத்தால் 6.5 வாட் சூடு. தகடு தெர்மோகோலைத் தொடாமல் பீங்கான் ஓட்டின் மேல் இருக்கட்டும். 65 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள், அதற்கு மேல் போனால் தெர்மோகோல் இளகத் தொடங்கலாம். போர்டுக்குப் பக்கத்திலேயே டிஎஸ்18பி20 சென்சாரை வைத்து வெப்பநிலையைப் பாருங்கள். ஆள் பக்கத்தில் இல்லாமல் ஓடவிட வேண்டாம்.

கரண்ட் அளப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மல்டிமீட்டரின் மைக்ரோ ஆம்ப் ரேஞ்சில் தொடராக இணைத்தால், போர்டு விழித்து ரேடியோவை இயக்கும் கணத்தில் மீட்டருக்குள்ளேயே வோல்ட் விழுந்து போர்டு ரீசெட் ஆகிவிடும். அதனால் இப்படிச் செய்யுங்கள். பேட்டரியின் பிளஸ் வயரில் 1 கிலோ ஓம், ஒரு சதவீதத் துல்லியமுள்ள ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு, அதன் இரு முனைக்கும் குறுக்கே ஒரு சுவிட்ச் வையுங்கள். ரெசிஸ்டர், சுவிட்ச் இரண்டும் சூட்டுப் பெட்டிக்கு வெளியே இருக்க வேண்டும். சுவிட்ச் மூடியிருக்கும்போது கரண்ட் முழுக்க அதன் வழியே போகும், போர்டு வழக்கம்போல் இயங்கும். போர்டு தூங்கிய பிறகு சுவிட்சைத் திறந்து, ரெசிஸ்டர் மேல் மில்லிவோல்ட் படியுங்கள். 1 மில்லிவோல்ட் என்றால் 1 மைக்ரோ ஆம்ப். 12 மில்லிவோல்ட் காட்டினால் 12 மைக்ரோ ஆம்ப், வேறு கணக்கே வேண்டாம். போர்டு விழிக்கும் முன் சுவிட்சை மூடிவிடுங்கள். சோதனைக்கு மட்டும் தூக்க நேரத்தை ஐந்து நிமிடமாக வைத்தால் பரபரப்பில்லாமல் படிக்கலாம்.

70 டிகிரி தாங்கும் வேறு சூட்டுப் பெட்டி இருந்தால் 30, 50, 70 டிகிரிகளில் அளப்பது உத்தமம். தெர்மோகோல் பெட்டிக்காரர்கள் 25, 45, 65 என்று வைத்துக்கொள்ளலாம். முதல் அளவுக்கு ஏசி அறை வேண்டியிருக்கும். ஒவ்வொரு படியிலும் அரை மணி நேரம் ஊறவிட்ட பிறகே எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: நிலையான செலவையும் கசிவையும் பிரியுங்கள்

மூன்று வெப்பநிலைகளும் 20 டிகிரி இடைவெளியில் இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு போர்டில் 30 டிகிரியில் 12, 50-ல் 15, 70-ல் 27 மைக்ரோ ஆம்ப் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வித்தியாசம் 3, அடுத்தது 12. நான்கு மடங்கு, 20 டிகிரிக்கு நான்கு மடங்கு என்றால் 10 டிகிரிக்கு இரட்டிப்பு, அதாவது ஏறுவது கசிவுதான். 30 டிகிரியில் கசிவு 1 என்றால் 50-ல் 4, 70-ல் 16. மிச்சம் எல்லா வெப்பநிலையிலும் 11 மைக்ரோ ஆம்ப். அது ரெசிஸ்டர், ரெகுலேட்டர் (வோல்டை ஒரே அளவில் வைக்கும் உதிரி), சென்சார் போன்றவை குடிக்கும் நிலையான செலவு.

இந்தப் பிரிவு கையில் இல்லாமல் ஆரம்பித்தால் தவறான பக்கம் உழைப்போம். நிலையான செலவு பெரிதென்றால் படி 4-க்குப் போங்கள். கசிவு பெரிதென்றால் படி 5-ம் படி 7-ம் உங்களுக்கானவை. ஏற்றம் இரட்டிப்புக் கணக்கில் அடங்காமல் தாறுமாறாக இருந்தால் மிதக்கும் பின் (எதனுடனும் இணைக்காத சிப் கால், படி 6), அழுக்கு போர்டு (படி 9) இரண்டையும் சந்தேகப்படுங்கள்.

படி 3: புரோகிராமைத் தொடும் முன் பெட்டியை மாற்றுங்கள்

10 டிகிரி குறைத்தால் கசிவு பாதியாகிறது. எந்தப் புரோகிராமரும் ஒரு மதியத்தில் இவ்வளவு மிச்சம் பிடிக்க மாட்டார், வெள்ளை பெயின்ட் பிடித்துவிடும். கறுப்பு, அடர்சாம்பல் பெட்டிகளைத் தவிருங்கள். பளபளக்கும் அலுமினியத் தாளைச் சுற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வெயிலைத் திருப்பி அனுப்பும், ஆனால் வாங்கிய சூட்டை வெளியே கதிர்வீசி இறக்காது. வெயிலில் நிற்கும் பெட்டிக்கு வெள்ளை பெயின்டே மேல்.

பெட்டிக்கு மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி விட்டு இன்னொரு வெள்ளைத் தகடைக் கூரையாகப் பொருத்துங்கள். வெயிலைக் கூரை வாங்கிக்கொள்ளும், இடையில் காற்று ஓடும். கூரை உலோகமாக இருந்தால் ஆன்டெனாவை அதற்கு அடியில் ஒளிக்காதீர்கள்.

அப்புறம் இடம். உச்சிப் பொழுதில் வடக்குச் சுவரில் வெயில் படாது என்பது டெல்லிக்காரர்களுக்குப் பொருந்தும். சென்னை இருப்பது 13 டிகிரி வடக்கில். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிப் பொழுதில் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. கத்திரி வெயில் முழுக்க வடக்குச் சுவருக்கும் வெயில் உண்டு. மேற்குச் சுவர் எல்லாவற்றிலும் மோசம், காற்று ஏற்கெனவே கொதித்திருக்கும் பிற்பகலில் நேர் வெயிலும் சேர்ந்துகொள்ளும். கிழக்குச் சுவர் பரவாயில்லை: காலை வெயிலோடு போய்விடும், மதியம் கடற்காற்று ஏறும்போது நேராக அதன் மேல் படும். என்னைக் கேட்டால் மாடியில் மிகச் சிறந்த இடம் தொட்டி ஸ்டாண்டுக்கு அடியில்தான். மேலே ஆயிரம் லிட்டர் தண்ணீர் நிழலாக நிற்கிறது, நாலு பக்கமும் காற்று. தகர ஷீட் கூரையின் அடிப்பக்கத்தில் மட்டும் ஒட்டிவிடாதீர்கள். நிழல் போலத் தெரியும், ஆனால் தகரத்தின் சூடு முழுக்கப் பெட்டிக்குள் இறங்கும்.

இதையெல்லாம் செய்துவிட்டுப் பெட்டிக்குள் மதியச் சூட்டை மறுபடி அளங்கள். அடுத்து வரும் கணக்குகளுக்கு அந்த எண் வேண்டும்.

படி 4: நிலையான செலவைக் களையுங்கள்

இந்த வேலை எளிது, சீக்கிரம் முடியும். சந்தையில் விற்கும் டெவலப்மென்ட் போர்டுகளில் பலவற்றில் இருக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர், எந்தச் சுமையும் இல்லாமலே ஏறத்தாழ 5 மில்லி ஆம்ப் குடிக்கிறது. ஈஎஸ்பி32 சிப் ஆழ்ந்த தூக்கத்தில் 10 மைக்ரோ ஆம்ப் அளவில்தான் எடுக்கும், ஆனால் அதே சிப் அமர்ந்திருக்கும் போர்டு மில்லி ஆம்ப் கணக்கில் இழுப்பதற்கு இந்த ரெகுலேட்டரும் யுஎஸ்பி சிப்பும் பவர் எல்இடியும்தான் காரணம். எம்சிபி1700 போன்ற ரெகுலேட்டர் 1.6 மைக்ரோ ஆம்பில் அதே வேலையைச் செய்யும். உள்ளே 6 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். எல்இடியை சால்டரிங் அயர்னால் பிடுங்கிவிடுங்கள்.

பேட்டரி அளவைப் பார்க்க 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டைப் போட்டு நடுவில் எடுப்பது வழக்கம். 4.2 வோல்டில் அது இரவும் பகலும் 21 மைக்ரோ ஆம்ப். அளக்கும் கணத்தில் மட்டும் ஒரு மாஸ்ஃபெட் (சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) வழியாக இணையுங்கள்.

சென்சாரும் ரேடியோவும் தூங்கினவா என்று தனியாகப் பாருங்கள். எஸ்எக்ஸ்1276 என்ற லோரா ரேடியோ சிப் தூக்கத்தில் 0.2 மைக்ரோ ஆம்ப், ஸ்டாண்ட்பையில் (அடுத்த வேலைக்குத் தயாராக விழித்திருக்கும் நிலை) 1.6 மில்லி ஆம்ப். அனுப்பி முடித்ததும் அது தானாக ஸ்டாண்ட்பைக்குத்தான் திரும்பும், தூக்கத்துக்கு நீங்கள்தான் கட்டளை கொடுக்க வேண்டும். தண்ணீர் மட்டம் அளக்கும் அல்ட்ராசானிக் சென்சார்கள் சும்மா இருக்கும்போதே மில்லி ஆம்ப் கணக்கில் எடுப்பவை, அவற்றின் மின்சாரத்தையே வெட்டுவதுதான் வழி. இடையில் ஒன்று: ஒலியின் வேகம் 30 டிகிரியில் வினாடிக்கு 349 மீட்டர், 60 டிகிரியில் 366. திருத்தாவிட்டால் மதியத்தில் தண்ணீர் மட்டம் 5 சதவீதம் வரை தவறாகக் காட்டும். எப்படியும் வெப்பநிலையை அளக்கப் போகிறீர்கள், அதையே இதற்கும் பயன்படுத்துங்கள்.

படி 5: சிப்புக்கு வெளியே கசியும் உதிரிகள்

மைக்ரோகன்ட்ரோலரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், கரண்டை ஒரு பக்கம் மட்டும் விட வேண்டிய ஷாட்கி டயோடு ஏமாற்றிவிடும். 1என்5819 என்ற ஷாட்கி டயோடின் டேட்டாஷீட்டைத் திறந்து ரிவர்ஸ் கரண்ட் (பின்பக்கமாகக் கசியும் கரண்ட்) வரியைப் பாருங்கள்: முழு 40 வோல்டில், 25 டிகிரிக்கு உச்சவரம்பு 1 மில்லி ஆம்ப், 100 டிகிரிக்கு 10 மில்லி ஆம்ப். நம் 4 வோல்டில் இவ்வளவு வராது, ஆனால் ஏறும் திசை அதேதான். யுஎஸ்பி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம் என்று இரண்டு ஷாட்கி டயோடுகளால் இணைக்கும் அமைப்பில், யுஎஸ்பி பக்கத்து டயோடு வழியாகப் பேட்டரி எப்போதும் பின்பக்கமாகக் கசிந்துகொண்டிருக்கும். 1என்4148 போன்ற சாதா சிலிக்கன் டயோடில் கசிவு நானோ ஆம்ப் கணக்குதான், ஆனால் 0.6, 0.7 வோல்டைத் தின்றுவிடும். பி-சானல் மாஸ்ஃபெட் வைத்து அந்த வேலையைச் செய்வது நல்லது.

அந்த மாஸ்ஃபெட்டும் சுத்தமாக மூடாது என்பதையும் கணக்கில் வையுங்கள். ஏஓ3401ஏ மாஸ்ஃபெட்டுக்கு மூடிய நிலைக் கசிவின் உச்சவரம்பு 25 டிகிரியில் 1 மைக்ரோ ஆம்ப், 55 டிகிரியில் 5. இது 30 வோல்டுக்கான எண். 3 வோல்டில் நடைமுறையில் மிகவும் குறையும். நாலைந்து மாஸ்ஃபெட் போடும் போர்டில் மட்டும் ஒவ்வொன்றையும் சூட்டில் அளந்து பாருங்கள்.

பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரும் இதே ரகம். 1000 மைக்ரோ ஃபாரட், 6.3 வோல்ட் என்றால் வழக்கமான சூத்திரப்படி கசிவு வரம்பு 63 மைக்ரோ ஆம்ப், சூட்டில் அது இன்னும் ஏறும். ரேடியோ இழுக்கும் கணநேரக் கரண்டுக்கு உண்மையில் எவ்வளவு தேவையோ அதை மட்டும் எக்ஸ்7ஆர் செராமிக்கில் போடுங்கள். ஒய்5வி ரகம் மலிவு, ஆனால் 85 டிகிரிக்குள்ளேயே 80 சதவீதம் வரை கொள்ளளவை இழக்க அதற்கு அனுமதி உண்டு. வேண்டாம்.

படி 6: பின்களை அனாதையாக விடாதீர்கள்

எதனுடனும் இணைக்காமல் இன்புட்டாக விட்ட பின் நடு வோல்டில் மிதந்தால், உள்ளே இருக்கும் இன்புட் சுற்றின் இரண்டு டிரான்சிஸ்டரும் பாதி திறந்து கரண்ட் ஓடும். எஸ்டிஎம்32 வகை மைக்ரோகன்ட்ரோலரில் பயன்படாத எல்லாப் பின்னையும் அனலாக் நிலைக்கு மாற்றுங்கள், அது இன்புட் சுற்றையே அணைத்துவிடும். ஏடிமெகா 328பி மைக்ரோகன்ட்ரோலரில் உள் புல்-அப் (பின்னை மேல் வோல்டில் பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) போடுங்கள், அனலாக் பின்களின் டிஜிட்டல் பஃபரை அணையுங்கள்.

மின்சாரம் வெட்டிய சென்சாருக்குப் பின் வழியாகவே மின்சாரம் போகும் திருட்டு வழி ஒன்றும் உண்டு. சென்சாரோடு பேசும் ஐ2சி கம்பிகளின் புல்-அப் ரெசிஸ்டர்கள் எப்போதும் உயிரோடிருக்கும் 3.3 வோல்டில் தொங்கினால், அணைத்த சென்சார் அவற்றின் வழியே அரைகுறையாக உயிர்பெறும். புல்-அப்களையும் சென்சாரோடு சேர்த்து வெட்டும் கம்பியில் இணையுங்கள்.

படி 7: தூக்கத்தின் ஆழத்தை வெப்பநிலையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

இந்தக் கட்டுரையின் நெஞ்சு இதுதான், நிதானமாகப் படியுங்கள். ஏறக்குறைய எல்லா நவீன சிப்பிலும் இரண்டு வகைத் தூக்கம் இருக்கிறது. ஒன்றில் நினைவகம் உயிரோடிருக்கும், விழித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எஸ்டிஎம்32-இல் இதை ஸ்டாப் என்கிறார்கள். இன்னொன்றில் பெரும்பகுதிக்கு மின்சாரமே கிடையாது, விழித்தால் முதலிலிருந்து பூட் ஆக வேண்டும். அது ஸ்டாண்ட்பை அல்லது ஷட்டவுன். கசிவு என்பது மின்சாரம் போகும் டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. நினைவகத்தில் லட்சக்கணக்கில் இருக்கின்றன, அதனால் ஸ்டாப்பில் கசிவு அதிகம், ஷட்டவுனில் குறைவு. ஆனால் ஷட்டவுனிலிருந்து எழ ஒவ்வொரு முறையும் பூட் செலவு உண்டு.

ஒரு கணக்கு போடுவோம். ஸ்டாப் 1.5 மைக்ரோ ஆம்ப், ஷட்டவுன் 0.5, பூட் ஆக 5 மில்லி ஆம்பில் 4 மில்லி வினாடி. பூட் செலவு 20 மைக்ரோ கூலும். 25 டிகிரியில் இரண்டுக்கும் வித்தியாசம் 1 மைக்ரோ ஆம்ப், ஆகவே 20 வினாடிக்கு மேல் தூங்கினால்தான் ஷட்டவுன் லாபம். 65 டிகிரியில் இரண்டும் 16 மடங்கு: 24, 8. வித்தியாசம் 16. இப்போது 1.25 வினாடிக்கு மேல் தூங்கினாலே ஷட்டவுன் லாபம். மேசை மேல் சரியாக இருந்த முடிவு மாடியில் தலைகீழாகிவிட்டது. 5 வினாடிக்கு ஒருமுறை விழிக்கும் போர்டு குளிர்ந்த இரவில் ஸ்டாப்பிலும், மதியத்தில் ஷட்டவுனிலும் தூங்க வேண்டும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை விழிக்கும் தொட்டி போர்டுக்கு எந்த நேரமும் ஷட்டவுனே சரி, மேசையில் அது அற்ப மிச்சமாகத் தெரிந்தாலும்.

இந்த எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் சிப்புக்கு உரியவை டேட்டாஷீட்டின் உள்ளே, வெப்பநிலை வாரியாகப் போட்டிருக்கும் அட்டவணையில் கிடைக்கும். முதல் பக்கத்தை விட்டுவிட்டு நேரே அங்கே போங்கள். 85, 105 டிகிரி பத்திகளைப் பார்த்த பிறகே சிப்பைத் தேர்வு செய்யுங்கள். 25 டிகிரியில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு சிப்கள் அந்தப் பத்திகளில் வெகுதூரம் விலகி நிற்பதைக் காண்பீர்கள்.

புரோகிராமில் இதைச் செய்வது கடினமில்லை. சிப்புக்குள்ளேயே வெப்பநிலை சென்சார் இருக்கும். விழித்ததும் ஒருமுறை படியுங்கள். 50-க்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கம், 45-க்குக் கீழ் வந்தால் லேசான தூக்கம். நடுவில் 5 டிகிரி விட்டது, எல்லையில் மாறி மாறித் தாவாமல் இருக்க.

நினைவகம் போய்விடுமே, எண்ணிக்கையை எங்கே வைப்பது? எஸ்டிஎம்32 எல்4 வரிசையில் ஷட்டவுனிலும் பிழைத்திருக்கும் பேக்கப் ரெஜிஸ்டர்கள் 128 பைட் உண்டு, ஒரு தொட்டி போர்டுக்கு அது தாராளம். புரோகிராம் இருக்கும் ஃப்ளாஷ் நினைவகத்தில் எழுதாதீர்கள். 10,000 முறை தாங்கும் பக்கத்தில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினால் 69 நாளில் அதன் ஆயுள் முடிந்தது. எம்எஸ்பி430 எஃப்ஆர் வரிசையில் நினைவகமே எஃப்ரேம். மின்சாரமில்லாமல் தகவலை வைத்திருக்கும், எழுதித் தேய்வதில்லை என்றே சொல்லலாம், 85 டிகிரியில் 10 வருடம் தாங்கும் என்று உற்பத்தியாளரே எழுதிக் கொடுத்திருக்கிறார். வெயிலுக்கென்றே செய்த மாதிரி ஒரு சிப்.

ஏடிமெகா 328பி-இல் பவர்-டவுன் நிலையிலும் நினைவகம் உயிரோடுதான் இருக்கும், அதற்குக் கீழே இறங்க வழியில்லை. அங்கே டிபிஎல்5110 டைமரை வெளியில் வையுங்கள். தான் 35 நானோ ஆம்ப் மட்டும் எடுத்துக்கொண்டு, 100 மில்லி வினாடி முதல் 2 மணி நேரம் வரை நீங்கள் வைத்த இடைவெளியில் ஒரு மாஸ்ஃபெட் வழியாக முழு போர்டுக்கும் மின்சாரம் கொடுக்கும். வேலை முடிந்தது என்று போர்டு சொன்னதும் வெட்டிவிடும். சிப்பின் கசிவுக் கணக்கே அதோடு மறைந்துவிடுகிறது. இந்த வழி பிடிக்கவில்லை என்றால், தூங்கும் முன் ஏடிசி-யை (வோல்டை எண்ணாக மாற்றும் பகுதி) அணையுங்கள், வோல்ட் இறங்கினால் ரீசெட் செய்யும் பிரவுன்-அவுட் காவலையும் தூக்கத்தின்போது மட்டும் அணையுங்கள். வாட்ச்டாக் (சிப்புக்குள் தனியாக ஓடும் காவல் டைமர்) ஓடினால் 3 வோல்டில் 4.2 மைக்ரோ ஆம்ப், ஓடாவிட்டால் 0.1 என்ற வித்தியாசத்தையும் கவனியுங்கள்.

தூங்கச் சொன்ன சிப் உண்மையில் தூங்குகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். புரோகிராமைச் சோதிக்கும் டீபக்கர் கருவி இணைந்திருந்தால் எஸ்டிஎம்32 தூக்கத்திலும் கிளாக்கை ஓட்டிக்கொண்டிருக்கக் கூடும். அளக்கும் முன் டீபக்கரைக் கழற்றி, மின்சாரத்தை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். தீர்க்காத இன்டரப்ட் (சிப்பை எழுப்பும் அழைப்பு) ஒன்று காத்திருந்தாலும் சிப் தூங்காமல் உடனே திரும்பிவிடும்.

படி 8: வோல்டையும் கிளாக்கையும் சரிசெய்யுங்கள்

ஏடிமெகா 328பி 4 மெகாஹெர்ட்ஸ் வரை 1.8 வோல்டிலேயே ஓடும். வோல்ட் குறைந்தால் ஓடும் செலவும் குறையும், கசிவும் குறையும். எஸ்டிஎம்32 எல் வரிசையில் சிப்புக்குள் தனி ரெகுலேட்டர் இருப்பதால் வெளியே வோல்டைக் குறைத்து உள்கருவின் கரண்டைக் குறைக்க முடியாது. உள்கருவின் வோல்ட் நிலையை ரெஜிஸ்டரில் இறக்க வேண்டும்.

வேலையை வேகமாக முடித்துத் தூங்குவதா, மெதுவாக ஓடுவதா என்ற பழைய கேள்விக்கு, சூட்டில் என் பதில் வேகமாக முடிப்பதுதான். விழித்திருக்கும் சிப்பில் எல்லாப் பகுதிக்கும் மின்சாரம் போகிறது, எல்லாம் கசிகிறது. அந்த நேரம் சுருங்க வேண்டும். கனமான வேலையை இரவுக்குத் தள்ளலாம் என்ற யோசனையில் பெரிய லாபம் இல்லை, ஓடும் செலவு சூட்டில் அவ்வளவாக மாறாது என்று முதலிலேயே பார்த்தோமே.

32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் சூட்டில் மெதுவாகும். வழக்கமான கிரிஸ்டலுக்கு 65 டிகிரியில் பத்து லட்சத்தில் 54 பங்கு, அதாவது முழு நாளும் அந்தச் சூட்டில் கிடந்தால் 4.7 வினாடி பின்தங்கும். குறித்த நேரத்தில் ரேடியோவைத் திறந்து காத்திருக்கும் போர்டில், இந்தப் பிசகுக்காக முன்கூட்டியே திறந்து வைக்கும் ஒவ்வொரு மில்லி வினாடியும் பத்து மில்லி ஆம்ப் அளவில் செலவு. வெப்பநிலை தெரியும் என்பதால் இதையும் கணக்கிட்டுத் திருத்திவிடலாம்.

படி 9: உப்புக் காற்றிலிருந்து போர்டைக் காப்பாற்றுங்கள்

எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து காசிமேடு, ராயபுரம் வரை கடலை ஒட்டி வாழ்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. கிரில் கம்பியும் ஏசி வெளி யூனிட்டும் என்ன ஆகின்றன என்று தெரியும். போர்டின் மேல் படியும் உப்பு ஈரத்தை இழுக்கும். சால்டரிங் முடிந்து கழுவாமல் விட்ட ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்டுவதற்காகப் போடும் பசை) அதோடு சேர்ந்தால் இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஒரு கண்ணுக்குத் தெரியாத ரெசிஸ்டர் உருவாகிவிடும். அது 100 கிலோ ஓமுக்கு இறங்கினால் 3.3 வோல்டில் 33 மைக்ரோ ஆம்ப், மொத்த சிப்பின் கசிவையும் மிஞ்சிவிடும். கிரிஸ்டல் கால்களுக்கு நடுவே உருவானால் கடிகாரமே நின்றுபோகும், போர்டு எழவே எழாது.

இந்தக் கசிவைச் சிலிக்கன் கசிவிலிருந்து பிரித்துப் பார்ப்பது சுலபம். சிலிக்கன் கசிவு மதியம் 2 மணிக்கு உச்சத்தில் இருக்கும். ஈரக் கசிவு விடியற்காலையில், பெட்டி குளிர்ந்து பனி இறங்கும்போது உச்சத்துக்குப் போகும். வெயில் ஏறினால் காய்ந்து மறைந்துவிடும். குளிர்ந்த நேரத்தில் கரண்ட் ஏறுகிறது என்றால் புரோகிராமைக் குடையாமல் போர்டைக் கழுவுங்கள்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பழைய டூத்பிரஷ்ஷை நனைத்து, சிப்பின் கால்களுக்கு நடுவிலும் கிரிஸ்டலைச் சுற்றியும் நன்றாகத் தேயுங்கள். முதல் ஆல்கஹால் அழுக்கைக் கரைத்துப் பரப்பத்தான் செய்யும், ஆகவே புதிதாக ஊற்றி இன்னொரு முறை அலசுங்கள். வெயிலில் முழுக்கக் காய்ந்த பிறகு அக்ரிலிக் கன்ஃபார்மல் கோட்டிங்கை (போர்டை மூடும் பாதுகாப்புப் பூச்சு) மெல்லிசாக இரண்டு தடவை அடியுங்கள், கனெக்டர்களையும் ஈரப்பத சென்சாரின் துளையையும் டேப்பால் மூடிவிட்டு. ஈரத்தோடு கோட்டிங் அடித்தால் ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதாகும்.

பெட்டியை இறுக்கமாக மூடினால் மட்டும் போதாது. பகலில் விரிந்து இரவில் சுருங்கும் காற்று, கேஸ்கெட் வழியே ஈரத்தை உள்ளே உறிஞ்சும். காற்றை விட்டு நீரைத் தடுக்கும் சவ்வு வைத்த வென்ட் பிளக் ஒன்றைக் கீழ்ப்பக்கம் பொருத்துங்கள். கேபிள் நுழையும் துளைகளும் கீழேயே இருக்கட்டும்.

படி 10: பேட்டரியும் கடைசிக் கணக்கும்

சோலார் பேனலோடு லித்தியம் அயான் செல் வைப்பவர்கள் கவனியுங்கள். பெரும்பாலான செல்களுக்கு சார்ஜ் செய்யும் உச்சவரம்பு 45 டிகிரி. பேனல் நன்றாக மின்சாரம் கொடுக்கும் மதியத்தில்தான் பெட்டி 45-ஐத் தாண்டியிருக்கும். கடைகளில் கிடைக்கும் டிபி4056 சார்ஜர் போர்டுகளில் வெப்பநிலைக் காவல் பின்னைத் தரையோடு இணைத்து முடக்கியே விற்கிறார்கள். அந்தப் பின்னை விடுவித்து, செல்லோடு ஒட்டிய என்டிசி தெர்மிஸ்டரை (சூடு ஏறினால் தடை குறையும் ரெசிஸ்டர்) இணையுங்கள். இது பாதுகாப்பு விஷயம், தள்ளிப்போட வேண்டாம்.

சார்ஜ் வேண்டாம் என்பவர்களுக்கு ஈஆர்14505 ரக லித்தியம் தயோனைல் குளோரைடு செல் 85 டிகிரி வரை தாங்கும். நீண்ட நாள் கரண்ட் எடுக்காமல் வைத்தால் உள்ளே ஒரு படலம் வளர்ந்து, திடீரென்று ரேடியோ இழுக்கும்போது வோல்ட் விழும். சூட்டில் அந்தப் படலம் வேகமாக வளரும். பக்கத்தில் போதிய செராமிக் கெப்பாசிட்டர் இருக்க வேண்டும்.

ஆயுளைக் கணக்கிடும்போது சராசரி வெப்பநிலையை எடுக்காதீர்கள். பெட்டி ஒரு நாளில் 12 மணி நேரம் 30 டிகிரி, 6 மணி நேரம் 50, 6 மணி நேரம் 65 என்று இருந்தால் சராசரி ஏறத்தாழ 44 டிகிரி. 30 டிகிரிக் கசிவை 1 என்று வைத்தால், 44-க்கு 2.6 என்று வரும். ஆனால் மணிக்கணக்கில் தனித்தனியாகக் கூட்டினால்: 30-க்கு 1, 50-க்கு 4, 65-க்கு 11.3, நாளின் சராசரி 4.3. சராசரி வெப்பநிலையை நம்பியவரின் பேட்டரி, கசிவே பெரிய செலவாக உள்ள போர்டில், சொன்ன ஆயுளில் 60 சதவீதம்தான் ஓடும். ஆறு மணி நேர மதியம் ஒன்றே நாளின் கசிவில் மூன்றில் இரண்டு பங்கைத் தின்கிறது.

மாட்டும் முன் கடைசியாக ஒரு வேலை. ஒவ்வொரு செய்தியோடும் பெட்டி வெப்பநிலை, பேட்டரி வோல்ட் இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். நான்கு பைட் கூடுதல், செலவு அற்பம். மே 4-ஐ ஒட்டிக் கத்திரி தொடங்கும்போது அந்த இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பாருங்கள். மதியச் சூடு நீங்கள் திட்டமிட்ட 65-ஐத் தாண்டினால் பெட்டியின் இடத்தை மாற்றுங்கள். சூடு வரம்புக்குள் இருந்தும் வோல்ட் கணக்கைவிட வேகமாக இறங்கினால், போர்டைக் கழற்றி வந்து படி 1-இன் மூன்று அளவுகளையும் மறுபடி எடுங்கள். முதலில் எழுதி வைத்த எண்களோடு ஒப்பிட்டால், கூடியது நிலையான செலவா, கசிவா, ஈரமா என்று அங்கேயே தெரிந்துவிடும்.